முதலில் திறக்க வேண்டிய பெட்டிகள்

என் மேசையில் போன் கிடையாது. ஆபீஸைப் புதுப்பித்தபோது எல்லார் மேசைக்கும் ஒன்று வைத்தார்கள். என்னுடையதை நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். எடுத்து வாயைத் திறப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் இரண்டு வாக்கியம் பேசி முடித்திருப்பார். எழுதிக் கேட்டால் எதற்கும் பதில் சொல்வேன். பேசச் சொன்னால் தெரிந்ததுகூட மறந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டதும் எழுந்து நின்று பேசாமலே உட்கார்ந்த அதே ஆள்தான் இப்போதும். தலை மட்டும் நரைத்திருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. டைப்ரைட்டிங் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களைக் கவனிக்கிற ஒரு ஆபீஸில் சேர்ந்து அங்கேயே இருக்கிறேன். கண்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். கப்பலில் இருந்து இறங்கும் பெட்டி, பைபாஸ் பக்கம் இருக்கும் எங்கள் யார்டுக்கு லாரியில் போகும். அங்கே சீலை வெட்டி, கதவைத் திறந்து, சரக்கை இறக்குவார்கள். எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, எத்தனை மூட்டை, சீல் நம்பர் என்ன என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

என் மனைவிக்கு வேலை அந்த யார்டில். டேலி எடுப்பாள். அதாவது, திறக்கிற பெட்டியின் வாசலில் நின்று, சீல் நம்பர் சரிதானா என்று பார்த்து, இறங்குகிற மூட்டைகளை எண்ணுவாள். கதவு திறந்ததும் முதலில் உள்ளே தலையை நீட்டுவது அவள்தான். மூட்டை சரிந்து நிற்கிறதா, நனைந்திருக்கிறதா என்று அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆட்கள் ஏறுவார்கள். மணப்பாட்டுக்காரி. கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். "உங்க பங்குக்கும் சேத்து ஆண்டவர் எனக்கே வாயக் குடுத்துட்டாரு" என்பாள். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், கரண்டு ஆபீஸில் எல்லா இடத்திலும் எனக்காகப் பேசுவது அவள்தான். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

யார்டில் அவள் பயப்படுகிற பெட்டி என்று ஒன்று உண்டு. அது மருந்துப் பெட்டி. வெளிநாட்டில் இருந்து வரும் முந்திரிக்கொட்டை மூட்டையிலும் மரக்கட்டையிலும் வண்டும் பூச்சியும் இருக்கும். அவற்றைக் கொல்லப் பெட்டியை அடைத்து உள்ளே விஷவாயு போடுவார்கள். சர்டிபிகேட்டில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. யார்டில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மருந்து என்றுதான் சொல்வார்கள். "மருந்து போட்டாச்சா?" "இல்ல, மருந்து இன்னும் இறங்கல." அவ்வளவுதான். மருந்துப் பெட்டியை யார்டின் கடைசியில் தனியாக நிறுத்துவார்கள். குறித்த தேதி முடிகிற வரைக்கும் கிட்டே போகக் கூடாது. முடிந்த பிறகு கதவைத் திறந்து, பக்கத்தில் ஆளே இல்லாமல் காற்றாட விட்டு, வாயுவை அளக்கிற மீட்டர்காரர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலை தொடங்கும். மூக்கை நம்பக் கூடாது. சில மருந்துக்கு வாசனையே கிடையாது. எங்கோ ஒரு துறைமுகத்தில் அப்படி ஒரு பெட்டிக்குள் ஏறினவர் ஏறின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார், பிறகு எழவே இல்லை என்று யார்டில் ஒரு பேச்சு. உண்மையா என்று தெரியாது. ஆனால் அதைக் கேட்ட நாளில் இருந்து, முந்திரிக்கொட்டைக் கப்பல் வருகிறது என்றால் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்காது.

மருந்து போட்ட தேதி, முடியும் தேதி இரண்டையும் ஒவ்வொரு பெட்டிக்கும் நான்தான் ஏற்றுவேன். ஏற்றிவிட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை சர்டிபிகேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் மனைவிக்கு நான் போடுகிற வேலி அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏற்றி முடித்ததும் என் புரோகிராம் ஒரு ஃபைல் உண்டாக்கும். எக்ஸ்எம்எல் ஃபைல் என்பார்கள். திறந்து பார்த்தால் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு பெயர், பின்னால் அதே பெயர், நடுவில் விவரம். ஒரு பெயருக்குள் வேறு சில பெயர்கள் அடங்கியிருக்கும். பெட்டி என்ற பெயருக்குள் சீல், சரக்கு, மூட்டை, மருந்து. மருந்துக்குள் போட்ட தேதி, முடியும் தேதி. இந்தப் பெயர்களை வைத்தவர் பல வருடம் முன்னால் எங்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொடுத்த உள்ளூர்க்காரர். யார்டில் என்ன சொல்கிறோமோ அதையே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டார். எனக்கு அது வசதியாக இருந்தது. வீட்டில் பேசுகிற பாஷையிலேயே கம்ப்யூட்டரும் பேசியது.

பிறகு சென்னையில் இருக்கும் தலைமை ஆபீஸ், எல்லாக் கிளைக்கும் ஒரே புரோகிராம் என்று முடிவு செய்தது. அதில் எல்லாம் இங்கிலீஷ் பெயர். ஒவ்வொரு வகை விவரத்துக்கும் ஒரு அச்சு மாதிரி செய்து வைத்திருப்பார்களாம். கிளாஸ் என்று சொன்னார்கள். வருகிற ஃபைலைப் படிக்கும்போது, அதில் உள்ள பெயரைப் பார்த்து அதே பெயருள்ள கிளாஸில் விவரத்தை ஊற்றிக்கொள்ளும். பெயர் வேறாக இருந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. எங்கள் பக்கத்தில் கோவில் பதிவில் இருக்கிற ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி ஒருவருடைய வீட்டைக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாது. வீட்டுப் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடக் கூட்டிக்கொண்டு போய் விடும். அந்த மாதிரிதான் இதுவும். 'பெட்டி என்று வந்தால் கண்டெய்னர் என்று எடுத்துக்கொள்' என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் மேப்பிங்.

எங்கள் கிளைக்கு அந்த மேப்பிங்கை எழுதியவள் சென்னை ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். நேரில் பார்த்ததில்லை. எனக்குப் போன் ஆகாது என்று மேனேஜர் சொல்லியிருப்பார் போல, செல்போனில் மெசேஜ் அனுப்பித்தான் கேட்பாள். 'சார், நடைன்னா வாக்கிங்கா?' நான் எழுதுவேன்: 'இல்லை மேடம், லாரி ஒரு தடவை போய் வருவது.' 'அட்டின்னா அட்டைப்பெட்டி தானே?' 'இல்லை மேடம், மூட்டை அடுக்கு.' 'சிப்பம்?' 'கட்டு.' சிரிக்கிற பொம்மை அனுப்புவாள். 'உங்க ஊர் தமிழுக்கே ஒரு மேப்பிங் வேணும் சார்!' நானும் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்பினேன். நல்ல பிள்ளை. பொறுமையாக வேலை செய்தாள்.

புதிய புரோகிராம் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டில் இருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். இனிமேல் யார்டில் பேப்பர் கிடையாது, எல்லாம் டேப்லட்டில் வரும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். போன வாரம் அதற்கு ஒரு வகுப்பும் நடந்தது.

"செவப்புன்னா மொதல்ல தெறக்கணும். மஞ்சள்னா அடுத்து. பச்சைன்னா மெதுவா. இதுக்குப் போயி ஒரு சாயங்காலம் பூரா பாடம் எடுத்தானுவ" என்றாள்.

"பாத்து செய்யி."

"ஆமா, செவப்பு எது பச்சை எதுன்னு தெரியாமத்தான் இத்தன வருசம் சேல எடுத்தேனாக்கும். போங்க, உங்க பஸ் வருது."

அவள் பஸ் வேறு. யார்டு கேட்டில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். வேலை முடிகிற வரை அவளிடம் பேச முடியாது. வழக்கமாக அதில் எனக்கு ஒன்றும் குறை தோன்றியதில்லை.

ஆபீஸில் எல்லாரும் புதிய திரையைச் சுற்றி நின்றார்கள். யார்டின் அன்றைய வேலை அப்படியே தெரிந்தது. அவரவர் இடத்துக்குப் போன பிறகு நான் என் திரையில் அதைத் திறந்தேன். மேலே சிவப்புப் பட்டை. 'முதலில் திறக்கவும்' என்று இங்கிலீஷில் போட்டு, கீழே வரிசையாகப் பெட்டி நம்பர்கள். எல்லாவற்றுக்கும் நேரே 'ஃபார்மா' என்று இருந்தது. மாத்திரை, ஊசி மாதிரியான சரக்கு.

எங்கள் யார்டுக்கு முந்திரிக்கொட்டை வரும், மரம் வரும், பழைய பேப்பர் வரும். மாத்திரை வந்து நான் பார்த்ததில்லை. யாரோ புது பார்ட்டியைப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் ஏற்றாத சரக்கு எப்படித் திரைக்கு வந்தது என்று அப்போது தோன்றவில்லை. ஒரு நம்பரைத் தொட்டேன். உள்ளே விரிந்தது. உற்பத்தித் தேதி என்று ஒன்று. காலாவதித் தேதி என்று ஒன்று. காலாவதி நாளைக்கு. அதனால்தான் சிவப்பு. சரக்கு என்ற இடத்தில் முந்திரிக்கொட்டை.

முந்திரிக்கொட்டைக்கு எதற்கு மருந்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

சொன்ன வார்த்தை காதில் விழுந்தது. தேதிகளைத் திரும்பப் பார்த்தேன்.

அந்தத் தேதிகள் எனக்குத் தெரியும். சனிக்கிழமை நான் அடித்தவை. மருந்து போட்ட தேதி, உற்பத்தித் தேதி ஆகியிருந்தது. மருந்து முடியும் தேதி, காலாவதித் தேதி ஆகியிருந்தது. நாளை வரைக்கும் தொடவே கூடாது என்று நான் எழுதி அனுப்பியதை, நாளைக்குள் கெட்டுப்போகும், இன்றைக்கே திற என்று புரிந்துகொண்டு முதல் வரிசையில் வைத்திருந்தது அந்த இயந்திரம். எது எவ்வளவு ஆபத்தோ அது அவ்வளவு மேலே இருந்தது.

அந்தப் பெண் தனக்குத் தெரியாத வார்த்தைகளை எல்லாம் என்னிடம் கேட்டாள். மருந்தைக் கேட்கவில்லை; ஃபார்மா என்றே போட்டுவிட்டாள். கேட்க என்ன இருக்கிறது? தமிழ் தெரிந்த யாருக்கும் அது தெரிந்த வார்த்தை.

முதல் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது. வேலை நடக்கிறது என்று அர்த்தம். டேலி என்ற இடத்தில் என் மனைவியின் ஊழியர் நம்பர்.

பழக்கம் என்னை விடவில்லை. முதலில் மெசேஜ்தான் அடித்தேன். 'மேடம், ஃபார்மா தவறு. மருந்து என்றால் இங்கே பூச்சிக்குப் போடும் விஷம்.' அனுப்பிய பிறகுதான், சென்னையில் ஒருத்தி இதைப் படிப்பதால் தூத்துக்குடியில் ஒரு கதவு திறக்காமல் நின்றுவிடாது என்று உறைத்தது. மேனேஜர் அறை பூட்டியிருந்தது. அவர் துறைமுகத்துக்குள் போயிருந்தார். பக்கத்து மேசைக்குப் போய், அங்கே இருந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல், யார்டுக்கு நேர் லைன் இருக்கிற அவருடைய போனை எடுத்தேன். யார்டு நம்பரை அழுத்தினேன்.

யார்டு சூப்பர்வைசர் எடுத்தான். என்னைவிட வயதில் சின்னவன், நல்ல பையன், என்னைக் கண்டால் டீ வாங்கித் தருவான்.

"நான்... ஆபீஸ்ல இருந்து..."

"யாரு? அண்ணாச்சியா? அடேயப்பா, போன்லயா! சத்தமாப் பேசுங்க, இங்கன கிரேன் ஓடுது."

"மருந்துப் பெட்டியத் திறக்காதீங்க."

"என்னது?"

"மருந்துப் பெட்டி! திறக்காதீங்க!"

"மருந்துப் பெட்டி இன்னைக்கு ஒண்ணுகூட இல்லியே அண்ணாச்சி. டேப்லட்ட இப்பத்தான் பாத்தேன்."

"ஃபார்மான்னு இருக்கும்..."

"ஆமா, அது இருக்கு. அதத்தான் தெறந்துக்கிட்டு இருக்கானுவ. செவப்புல போட்ருக்கே."

"அதுதான் மருந்து!"

"நானும் அதத்தான சொல்லுதேன். ஃபார்மான்னா மருந்துதான? மாத்திர, டானிக்கு. வெயில்ல கெட்டுப்போயிரும்லா, அதுக்குத்தான் வெரசலா எறக்கச் சொல்லிருக்கு. நீங்க ஒண்ணும் பதறாதிய."

அந்த நிமிடத்தை என்னால் இப்போதும் நிதானமாக நினைக்க முடிவதில்லை. என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. நான் அதைச் சொல்லச் சொல்ல அவன் சந்தோஷமாக ஆமா போடுகிறான். மருந்து என்றால் மருந்துதான் என்கிறான். வேறு வார்த்தை தேடுகிறேன், ஒன்றும் வரவில்லை. சர்டிபிகேட்டில் இருக்கிற இங்கிலீஷ் பெயரைப் பல வருடமாக டைப் அடிக்கிறேன், வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. நாக்கு அதன் முதல் எழுத்திலேயே நின்றது.

"அண்ணாச்சி? வச்சிரட்டா? இங்கன வேல கெடக்கு."

"வெசம்லே!" என்று கத்தினேன். "வெசம்! வண்டு சாவப் போடுத வெசம்! கேஸு! பெட்டிக்குள்ள கேஸு இருக்கு! என் பொண்டாட்டி அங்கன நிக்கா, அவள வெளிய இழு!"

ஆபீஸ் முழுவதும் எழுந்து நின்றது.

அந்தப் பக்கம் போன் மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. அவன் வைக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். நான் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். கிரேன் சத்தம். லாரி பின்னால் வருகிற சத்தம். பிறகு ஒரு விசில், நிறுத்தாமல். யாரோ "ஏலே, ஏலே" என்று கத்துகிறார்கள். அவள் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். எவ்வளவு கூட்டத்திலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். கேட்கவில்லை. கிரேன் நின்றது. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. காற்று மட்டும்.

பக்கத்து மேசைக்காரர் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நான் உட்கார்ந்தது எனக்குத் தெரியாது.

சூப்பர்வைசர் திரும்பி வந்து போனை எடுத்தபோது மூச்சு வாங்கியது. "ஒரு பெட்டியத் தெறந்துட்டானுவ அண்ணாச்சி. மத்ததத் தொடல. எல்லாரையும் கேட்டுப் பக்கம் கொண்டாந்தாச்சு."

"அவ?"

"இருக்காவ. உக்காந்திருக்காவ. தல சுத்துதுங்காவ. ஏறினவன் ஒருத்தன் வாந்தி எடுக்கான். வண்டிக்குச் சொல்லியாச்சு, நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

ஆட்டோவில் போகும்போது சென்னையில் இருந்து என் செல்போனுக்கு அழைப்பு வந்தது. எடுத்தேன். அந்தப் பெண்ணின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். 'சார்' போய் 'அண்ணா' ஆகியிருந்தது.

"அண்ணா, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா? நான் சிஸ்டத்தை நிறுத்திட்டேன். யாருக்காவது..."

"ஆஸ்பத்திரிக்குப் போறேன். என் வீட்டுக்காரி."

அவள் அழுதுகொண்டே வேகமாகப் பேசினாள். "பேர் பொருந்தலன்னா அது எர்ரர் கூடக் காட்டாதுண்ணா. சத்தமில்லாம அந்த விவரத்தை விட்டுட்டுப் போயிடும். காலியா வந்து நிக்கும். அதுக்குப் பயந்துதான் ஒரு பேர்கூட விடாம எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினேன். டெஸ்ட்ல எல்லாம் பச்சையா வந்துச்சு. எல்லாம் சரின்னு நினைச்சேன்."

அவளுக்கும் என்னைப் போல ஒரு பயம் இருந்திருக்கிறது. மருந்து என்ற பெயரை விட்டிருந்தாலும் அது சாதாரணப் பெட்டியாகப் போய் நின்றிருக்கும், அதையும் ஒருநாள் திறந்திருப்பார்கள். ஒட்டினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. "நீங்க அழாதீங்க மேடம்" என்றேன். ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. கேட் திறக்கிற வரை அவள் அழுவதையும் ரயில் போவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைக் கையால் தூக்கினாள்.

"கத்துனியளாமே?"

"அதப் போடு மொதல்ல."

"எல்லாரும் சொல்லுதாவ. என் பொண்டாட்டின்னு கத்துனியளாம், ஆபீஸே எந்திரிச்சு நின்னுச்சாம். கலியாணத்தன்னைக்குச் சாமியார் கேட்டதுக்கே மூணாம் வரிசைக்குக் கேக்காமத்தான சம்மதம் சொன்னிய."

நர்ஸ் வந்து முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள். மனைவியின் கண்கள் சிவந்திருந்தன. சிரிக்க முயன்று இருமினாள். இருமல் நிற்க நேரமானது. பெட்டிக் கதவில் மண்டையோட்டு ஸ்டிக்கர் இருந்ததாம். அவளும் பார்த்தாளாம். ஆனால் பழைய பயணத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்காமலே எத்தனையோ பெட்டிகள் ஊர் ஊராகச் சுற்றும். அதைப் பார்த்து நின்றால் வேலை நடக்காது. கடைசியில் தனியாக நின்ற பெட்டியை, சிவப்பைப் பார்த்துக் காலையிலேயே முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்களாம்; டேப்லட் என்ன சொல்கிறதோ அதுதான். ஒரு கதவைத்தான் திறந்தார்களாம். அவள் தலையை நீட்டி, முன்வரிசை மூட்டைகளைப் பார்த்து, "எலே, இது கொட்டைல்லா, எங்கலே மாத்திர?" என்று திரும்பியிருக்கிறாள். அதற்குள் ஒரு பையன் உள்ளே ஏறிவிட்டானாம். அப்போதுதான் விசில்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இப்போது நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் இந்த வாயு சில நேரம் பிந்தி வேலை செய்யும், நுரையீரலில் நீர் கோக்கலாம், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். 'நன்றாக இருக்கிற மாதிரி' என்று அவர் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் பேசினாலும் பயம், பேசாமல் இருந்தாலும் பயம். தண்ணீர் கேட்டால் தொண்டை எரிகிறதோ என்று பயம். தூங்கினால் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அவளோ கண்ணைத் திறந்து, "என்ன, என் நெஞ்சுலயா படம் ஓடுது?" என்பாள். பக்கத்துக் கட்டிலில், பெட்டிக்குள் ஏறின பையன். அவன் அம்மா ஜெபமாலையை விரலில் ஓட்டிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். எங்களில் ஒருவர் டீ வாங்கப் போனால் இன்னொருவர் இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. டாக்டர் ஓடி வந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவின் கண்ணாடியில் துணி தொங்கியது. அந்த வராந்தாவில் நின்றபோது, அவள் இல்லாத வீட்டில் யார் பால்காரரிடம் பேசுவது என்று ஒரு நினைப்பு வந்தது. எவ்வளவு கேவலமான நினைப்பு. ஆனால் வந்தது. ஒரு மனுஷி செத்துவிடுவாளோ என்று பயப்படும்போதும் என் பயம் என்னைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்து, "ஒண்ணுமில்ல, சளி அடைச்சிருந்துச்சு, எடுத்தாச்சு" என்றாள். நான் உள்ளே போய், போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன்.

அந்தப் பையனும் அவளும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். டாக்டர் கொஞ்ச நாள் ஓய்வு என்றார். அந்த நாட்களில் சென்னைப் பெண் தினமும் போன் செய்தாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள், அது யார்டில் என்ன என்று நான் சொல்லுவேன். தெரிந்த வார்த்தைகளைத்தான் முதலில் கேட்டாள். எடை என்றால் எதோடு சேர்ந்த எடை? மூட்டை என்றால் சாக்கு மட்டுமா? நிறுத்தி நிறுத்திப் பேசினோம். மருந்துக்கு என்று தனியாக ஒரு கிளாஸ் செய்தாள். அது உள்ள பெட்டியை, மீட்டர்காரர் கையெழுத்து வராமல் வேலை வரிசையிலேயே காட்டாது என்று சொன்னாள். நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

ஓய்வு முடிகிற அன்று மனைவி யார்டில் போடுகிற ஹெல்மெட்டைக் கழுவி வெயிலில் வைத்திருந்தாள். நான் பார்த்தேன்.

"வேண்டாம்" என்றேன். "நான் ஒருத்தன் சம்பாதிக்கதே போதும். இனிமே போகாத."

"யாரு சொல்லுதா?"

"நான் சொல்லுதேன். கையெடுத்துக் கும்பிடுதேன் ஏளா. என்னால முடியல. திரையப் பாக்கவே முடியல."

அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"நான் போகலன்னா அந்த வாசல்ல வேற ஒருத்தி நிப்பா" என்றாள். "அவளுக்காவக் கத்துததுக்கு ஆபீஸ்ல ஆரு இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். அவள் இடத்தில் வேறு நம்பர் இருந்திருந்தால், மெசேஜை அனுப்பிவிட்டு மேனேஜர் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பேனா? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பையனுடைய அம்மாவின் முகம் வந்தது. அது வந்ததும் இன்னும் பயமாக இருந்தது.

"சோறு ஆறுது" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அவள் பஸ் முதலில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் அதற்குள் ஏதோ பேசத் தொடங்கிவிட்டாள். நான் ஆபீஸுக்குப் போய்த் திரையைத் திறந்தேன். யார்டில் அன்றைக்கு டேலி எடுக்கிறவர்களின் நம்பர்கள் வரிசையாக இருந்தன. அவளுடையதைத் தவிர ஒன்றும் யாருடையது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து மேசைக்காரரிடம் போனைக் கேட்டு வாங்கி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, என்ன, மறுபடியும் வெசமா?" என்றான் பதறிப்போய்.

"இல்ல" என்றேன். "இன்னைக்கு எந்தெந்தப் பெட்டி வாசல்ல யார் யாரு நிக்கான்னு பேரோட சொல்லு. ஒவ்வொண்ணா. நான் எழுதிக்கிடுதேன்."